கொழுந்துத் தட்டுக்கு 304-ஆ, 430-ஆ?

மலையகத் தேயிலைத் தொழிற்சாலைகளுக்குக் கறையில் உருக்குத் தகடு வாங்கப் போகிறவர்களில் பலர் சட்டைப்பையில் ஒரு காந்தத் துண்டை வைத்திருப்பார்கள். ஒட்டாவிட்டால் நல்ல தகடு, ஒட்டினால் மட்டமான தகடு என்பது அவர்களுடைய கணக்கு. 304, 430 என்பன கறையில் உருக்கின் இரு வகைகள். 18 வீதக் குரோமியமும் 8 வீத நிக்கலும் கொண்ட 304-இல், நிக்கலின் தயவால் ஒஸ்டெனைட்டு அவத்தை (அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் ஒரு விதம்) அறை வெப்பநிலையிலும் நிலைத்திருப்பதால் காந்தம் ஒட்டாது. 430-இல் குரோமியம் 16 முதல் 18 வீதம் வரை உண்டு. நிக்கல் கிட்டத்தட்ட இல்லை. ஆகவே அது பெரைட்டு என்னும் வேறோர் அவத்தையில் இருக்கிறது, காந்தத்தை இழுக்கிறது, விலையும் குறைவு. துருவைத் தடுப்பது இரண்டிலும் மேற்பரப்பில் படியும் மிக மெல்லிய குரோமியம் ஒட்சைட்டுப் படலம்தான். இதுவரை காந்தக் கணக்கு சரி.

பட்டறைக்குள் தகடு நுழைந்ததும் கணக்கு மாறுகிறது. ஹட்டன் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் ரோலருக்குக் கீழே கொழுந்தை ஏந்தும் 304 தட்டு ஒன்றைப் பார்த்தேன். பலமுறை ஒட்டுப்போடப்பட்ட தடித்த விளிம்பில் வெல்டிங் தழும்பு பளபளவென்று இருந்தது. அதிலிருந்து சில மில்லிமீற்றர் தள்ளி, அதற்கு இணையாகப் பழுப்புக் கோடு ஒன்று ஓடியது. 304 ஏறக்குறைய 450 முதல் 850 பாகை செல்சியசு வரையான வெப்பத்தில் தங்கும்போது, உருக்கில் உள்ள காபன் மணி எல்லைகளுக்கு, அதாவது உலோகத்தின் படிக மணிகள் ஒன்றையொன்று தொடும் இடங்களுக்கு, வந்து குரோமியத்தைப் பிடித்துக் காபைட்டாகப் படிகிறது. அதையொட்டிய ஒடுங்கிய வலயத்தில் குரோமியம் 12 வீதத்துக்கும் கீழே இறங்க, படலம் அங்கே வலுவிழக்கிறது. கழுவுவதற்கு வெளிற்றும் குளோரின் திரவம் பயன்படுத்தினால் அந்த வலயமே முதலில் அரிபடும். மெல்லிய தகட்டில் ஒரே ஓட்டத்தில் போட்ட வெல்டிங் விரைவில் ஆறிவிடுவதால் இவ்வளவு பயம் வேண்டியதில்லை; தடித்த பாகமும் திரும்பத் திரும்பப் போடும் ஒட்டுமே ஆபத்து.

அப்படியானால் 430 பிழைத்துக்கொள்ளுமா? இல்லை, அங்கே நிலைமை தலைகீழ். பெரைட்டில் காபன் மிகச் சொற்பமே கரையும், பரவுவதோ மிக வேகம். 925 பாகைக்கு மேல் சூடான பகுதியை எவ்வளவு விரைவாக ஆற்றினாலும் காபைட்டு படிந்துவிடும். போதாததற்கு மணிகள் பருத்து வெல்டிங் நொறுங்கும் தன்மை பெறும். பரிகாரமும் எதிரெதிரானது: 304-ஐ 1050 பாகை அளவுக்குச் சூடாக்கிச் சட்டென்று குளிரவைக்க வேண்டும்; 430-ஐயோ 800 பாகையை ஒட்டி வைத்திருந்தால் குரோமியம் மறுபடி பரவிக் குறையை நிரப்பிக்கொள்ளும். தோட்டத்துப் பட்டறையில் இரண்டுமே நடக்கிற காரியமல்ல. அதனால்தான் காபனை 0.03 வீதத்துக்குள் அடக்கிய 304எல் எனக்கு மிகப் பிடித்த விடை.

இன்னொரு தெரிவும் உண்டு: 2205 என்னும் இரட்டை அவத்தை உருக்கில் ஒஸ்டெனைட்டும் பெரைட்டும் ஏறத்தாழச் சரிபாதி. 22 வீதக் குரோமியத்தோடு 3 வீத மொலிப்டினமும் இருப்பதால் குளோரைட்டை நன்றாகத் தாங்கும். ஆயினும் 700 முதல் 950 பாகை வரை நின்றால் சிக்மா என்னும் வேறோர் அவத்தை உருவாகி, குரோமியத்தையும் மொலிப்டினத்தையும் உறிஞ்சிவிடும். கடற்கரைக்கு உரிய அந்த உருக்கு கொழுந்துச் சாற்றுக்கு வீண் செலவு.

காந்தத்துக்கே திரும்பினால், அந்தத் தட்டின் வளைந்த மூலையில் அது இலேசாக ஒட்டியது. தகட்டை மாற்றிவிட்டார்களோ என்று மேற்பார்வையாளர் சந்தேகப்பட்டார். குளிர்நிலையில் வளைக்கும்போது 304-இன் ஒஸ்டெனைட்டில் ஒரு பகுதி, காந்தம் ஒட்டும் மார்ட்டென்சைட்டு என்னும் அவத்தையாக மாறும். அதன் குரோமியம் குறைவதில்லை. எனினும் வளைந்த மூலையை ஒட்டி வெல்டிங் போடுவது நல்லதல்ல, ஏனெனில் மார்ட்டென்சைட்டில் காபைட்டு இன்னும் சீக்கிரம் படியும்.

இறுதியில், வெல்டிங் பிடிக்கும் பாகங்களுக்கு 304எல் என்றும், திருகாணியால் பூட்டும் மூடிகளுக்கு 430 போதும் என்றும் எழுதிக் கொடுத்தேன். கோடு ஓடிய விளிம்பை வெட்டி எடுத்துப் புதுத் துண்டு வைத்து, வெல்டிங்கின் நீல நிறம் போகும்வரை தேய்த்தார்கள். மூலையில் காந்தம் இன்னும் ஒட்டத்தான் செய்கிறது.