தரையும் சுவரும் சேரும் மூலைக்கு எந்தக் கோவிங்?

தண்ணீர் விட்டுக் கழுவுகிற எந்த அறைக்குள் போனாலும் என் கண் முதலில் சுவரோரத்துக்குத்தான் போகும். நடுத்தரை பளபளவென்று இருக்கும். சுவர் வந்து தரையைத் தொடுகிற 90 டிகிரி மூலையில் மட்டும் கறுப்பாக ஒரு கோடு ஓடும். வைப்பரும் பிரஷும் அந்த மூலையைத் தடவிவிட்டுப் போகுமே தவிர உள்ளே நுழையாது. தேங்கிய ஈரம், அதில் ஊறிய அழுக்கு, அடியில் மயிரிழை விரிசல். உணவு தயாரிக்கும் இடமென்றால் இது வெறும் அசிங்கம் என்று விட்டுவிடக்கூடியது இல்லை. லிஸ்டீரியா என்ற கிருமி குளிர்பதன அறையின் குளிரிலும் வளரக்கூடியது, இதுபோன்ற இடுக்குகளில் படலம் கட்டி உட்கார்ந்துகொள்ளும்.

இந்த மூலையை உள்வளைவாக மாற்றுவதுதான் கோவிங். வளைவின் ஆரம் பெரும்பாலும் 25 முதல் 50 மி.மீ. வரை, சுவரில் ஏறும் உயரம் 75, 100, 150 மி.மீ. எனத் தேவைக்கேற்ப. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏவின் உணவு விதித்தொகுப்பு, நீர் பாய்ச்சிக் கழுவாத தரையில்கூட இந்தச் சந்திப்பை வளைத்து, இடைவெளி 1 மி.மீ.க்கு மேல் இல்லாமல் மூடச் சொல்கிறது. நீர் பாய்ச்சும் தரையென்றால் வளைத்து, முழுக்க அடைத்திருக்க வேண்டும்.

எதனால் வளைப்பது என்பதில்தான் குழப்பம். கையால் இழுக்கும் எபாக்ஸி (இரண்டு பொருளைக் கலந்ததும் இறுகும் பிசின்) கலவை, பியூ சிமெண்ட் (பாலியூரித்தேன் பிசினும் சிமெண்டும் சேர்ந்தது) கலவை, வார்த்து வரும் ரெடிமேட் துண்டு, இவை மூன்றும்தான் உண்மையான போட்டியாளர்கள். மூலையில் சீலண்டை, அதாவது இடுக்கை அடைக்கும் ரப்பர் போன்ற பசையை, இழுத்துவிட்டு விரலால் வழித்து ‘கோவிங்’ என்று சொல்பவர்களும் உண்டு. அது அடைப்பு மட்டும்தான். தடித்த பிரஷால் அன்றாடம் தேய்த்தால் ஓரம் உரிந்து வரும், சிலிக்கான் என்றால் பூசணமும் பிடிக்கும். தற்காலிகத்துக்கு வைத்துக்கொள்ளலாம். வளைவு டைல்ஸ் நல்ல பொருள்தான். ஆனால் தரை முழுவதையும் இணைப்பே இல்லாமல் ரெசினால் (பிசினால்) போட்டுவிட்டு, அதன் ஓரத்தில் ஓர் அடிக்கு ஒரு கிரௌட் (டைல்ஸ் இடுக்கை நிரப்பும் கலவை) கோட்டைக் கொண்டுவருவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

இனி எபாக்ஸி. ரெசின், அதை இறுக வைக்கும் ஹார்டனர், அளவு பிரித்த குவார்ட்ஸ் மணல், நிமிர்ந்து நிற்க வேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் நுண்சிலிக்காத் தூள். கையில் பிடித்துப் பார்த்தால் ஈரக் கடற்கரை மணல் போல இருக்கும். அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் பிசின் வழியக் கூடாது. சுவரோரம் ப்ரைமர் (அடிப்பூச்சு) அடித்து, அது ஒட்டும் பதத்தில் இருக்கும்போதே கலவையை அப்பி, வளைந்த கோவிங் கரணையால் அழுத்தி இழுக்க வேண்டும். ப்ரைமர் காய்ந்து கண்ணாடியான பிறகு கலவையை வைத்தால் பார்க்க ஒட்டியதுபோல் இருக்கும், தட்டினால் பொக்கென்று சத்தம் கேட்கும்.

இதன் பெரிய பலம், சுவர் எப்படி இருக்கிறதோ அப்படியே அதோடு போகும் என்பதுதான். எந்தச் சுவரும் நூல் பிடித்தாற்போல் நேராக இருப்பதில்லை. 5 மி.மீ. வயிறு தள்ளிய சுவரிலும் கைக்கலவை பின்னால் வெற்றிடம் விடாமல் நிரப்பிக்கொள்ளும். தூண், குழாய், கதவு நிலை என எங்கு வேண்டுமானாலும் திரும்பும். ஒரு துண்டுகூட இணைப்பு கிடையாது.

பலவீனமும் அந்தக் கையில்தான் இருக்கிறது. கலவை கரணையில் ஒட்டுகிறது என்று பையன்கள் கரணையைத் தின்னர் வாளியில் முக்கி முக்கி இழுப்பார்கள். இழுக்கும்போது கண்ணாடி போல வழுவழுப்பாக வரும், பார்க்க மனசு குளிரும். அந்தத் தின்னர் மேற்பரப்பில் ரெசினைக் கரைத்து நீர்க்கச் செய்துவிடுகிறது. நாலு நாள் கழித்து நகத்தால் சுரண்டினால் மணல் மணலாக உதிரும். துணியில் கொஞ்சம் நனைத்துக் கரணையைத் துடைக்க வேண்டும், அவ்வளவுதான். இன்னொரு தவறும் அடிக்கடி பார்க்கிறேன். மணல் அதிகமுள்ள இந்தக் கலவை இறுகிய பிறகும் நுண்துளைகளோடுதான் இருக்கும். மேலே ரெசின் பூச்சு கொடுத்துத் துளைகளை அடைக்காவிட்டால், அழுக்கை ஒதுக்கப் போட்ட கோவிங்கே ஸ்பாஞ்சு மாதிரி அழுக்கைக் குடிக்கும். ‘கோவிங் கறுத்துப்போச்சு, எபாக்ஸியே மோசம்’ என்று புகார் வரும் இடங்களில் நான் பார்த்தவரை பாதிக்குமேல் இந்தப் பூச்சை விட்டதுதான் காரணம்.

வெயில் நாளில் வேலை செய்பவர்கள் இன்னொன்றையும் கணக்கில் வைக்க வேண்டும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் கலவை கையில் நிற்கும் நேரம் ஏறக்குறைய பாதியாகும். முழு வாளியையும் ஒரேயடியாகக் கலந்துவிட்டு ஓடாதீர்கள்.

சூட்டில்தான் எபாக்ஸி தோற்கும். அறை வெப்பத்தில் இறுகும் சாதாரண எபாக்ஸி 50, 60 டிகிரியை நெருங்கும்போதே இளக ஆரம்பிக்கும். நீராவியால் கழுவும் இடம், கொதிநீர் கொட்டும் பாத்திரத்துக்குக் கீழே, அடுப்பு வரிசையின் ஓரம், இங்கெல்லாம் பியூ சிமெண்ட்தான். சூட்டில் அது விரிவதும் சுருங்குவதும் கான்கிரீட்டுக்கு நெருக்கமாக இருப்பதால், கொதிநீரும் குளிர்நீரும் மாறி மாறி விழுந்தாலும் ஒட்டு விடாது. மணல் சேராத எபாக்ஸி கான்கிரீட்டைவிடப் பல மடங்கு விரியும். மணல் சேர்த்தால் குறையும், சமமாகாது. பியூ சிமெண்டுக்கு இன்னொரு சாதகம், ஓதம் உள்ள கான்கிரீட்டை எபாக்ஸியைவிட நன்றாகத் தாங்கும்.

ஆனால் போடுவது கஷ்டம். சீக்கிரம் இறுகும், தவறைத் திருத்த நேரம் தராது. தரையில் நன்றாகப் போடத் தெரிந்தவர் எல்லோரும் இதில் கோவிங் இழுத்துவிட முடியாது. அழகிலும் எபாக்ஸியின் மினுமினுப்பை எதிர்பார்க்கக் கூடாது. சற்றுச் சொரசொரப்பான மங்கல் முகம்தான். மருந்து தயாரிக்கும் அறை, ஆய்வுக்கூடம் போன்ற சூடில்லாத, வழுவழுப்பு வேண்டிய இடத்துக்கு எபாக்ஸியை எடுப்பேன். ஈரமும் சூடும் சேர்ந்த இடத்துக்கு யோசிக்காமல் பியூ சிமெண்ட். தரை எந்தக் குடும்பமோ கோவிங்கும் அதே குடும்பமாக இருந்தால் இன்னும் நல்லது. பியூ சிமெண்ட் தரைக்கு எபாக்ஸி கோவிங் வைத்து, கொதிநீர் படும் முதல் வருஷத்திலேயே அடிக்கோட்டில் பிளந்ததை நேரில் பார்த்திருக்கிறேன்.

ரெடிமேட் துண்டுகளைக் கைவேலைக்காரர்கள் மட்டமாகப் பேசுவார்கள். நான் அப்படி ஒதுக்க மாட்டேன். தொழிற்சாலையில் வார்த்து வருவதால் வளைவு மாறாது, முகம் துளையில்லாமல் இருக்கும், ஒட்டுகிற வேலை சீக்கிரம் முடியும். குறை இணைப்புகளில். 40 மீட்டர் சுற்றளவுள்ள அறைக்கு 2 மீட்டர் துண்டு என்று வைத்தாலே 20 இணைப்பு, அதோடு மூலை வெட்டுகள். ஒவ்வொன்றையும் ரெசினால் நிரப்பித் தேய்க்க வேண்டும். கோணலான சுவரில் வைத்தால் துண்டு நேராக நிற்கும், சுவர் விலகிப் போகும். அந்த இடைவெளியைப் பசையால் நிரப்புகிறேன் என்று சீலண்டைத் திணித்து ஏமாற்றுவார்கள்.

ஆனால் இரண்டு தகடுகளுக்கு நடுவே வெப்பம் தடுக்கும் நுரை வைத்த சாண்ட்விச் பேனல் சுவர் என்றால் என் வாக்கு ரெடிமேடுக்குத்தான். இதை நான் பட்டுத்தான் கற்றேன். ஒரு குளிர்பதன அறையில் பேனலின் வண்ணமடித்த தகட்டைத் தேய்த்து, அதன் மேலேயே எபாக்ஸி கோவிங் இழுத்தோம். அழகாக வந்தது. சில மாதத்தில் மேல் விளிம்பு நெடுக மயிரிழை போல ஒரு கோடு. பேனலின் மெல்லிய தகடு குளிரில் சுருங்குகிறது, வண்டி இடித்தால் அசைகிறது. கல் மாதிரி இறுகிய எபாக்ஸி அதோடு அசைய முடியுமா? அந்தக் கோட்டின் வழியாகக் கழுவிய நீர் உள்ளே இறங்கி, பேனலின் அடியில் நின்று நாறியது. முழுவதையும் வெட்டி எடுத்தோம். பிறகு தரையோடு மட்டும் பிணைத்த பாலிமர் கான்கிரீட் (கல்லையும் மணலையும் ரெசினால் பிணைத்து வார்த்தது) ரெடிமேட் திண்டு வைத்து, அதற்கும் பேனலுக்கும் நடுவே நெகிழும் சீலண்ட் கொடுத்ததும்தான் நின்றது.

எந்த வகையை எடுத்தாலும் நடுவளைவு லேசில் கெடாது. மேல் விளிம்பு, தரையில் முடியும் அடிக்கோடு, இந்த இரண்டும்தான் உயிரை வாங்கும். மேலே கலவையைச் சுவரில் பூஜ்யமாக இழைத்து முடித்தால் அந்த மெல்லிய விளிம்பு சில்லுச் சில்லாக உடையும். சுவரில் 5 மி.மீ. அளவுக்குக் காடி வெட்டி அதற்குள் முடிக்கலாம், அல்லது உலோகப் பட்டை பொருத்தி அதோடு மட்டமாக நிறுத்தலாம். டேப் ஒட்டி இழுத்தால் கலவை இறுகுவதற்கு முன்பே டேப்பை உரித்துவிட வேண்டும். விட்டுவிட்டால் விளிம்போடு பிய்த்துக்கொண்டு வரும்.

முதலில் தரையா, கோவிங்கா என்றும் கேட்பார்கள். இரண்டு விதமாகவும் செய்கிறார்கள். எனக்குக் கோவிங்கை முதலில் போட்டு, அதன் பாதத்தைத் தேய்த்துத் தரைக் கலவையை அதனோடு சேர்த்து முடிப்பதுதான் பிடிக்கும். கரணை வேலையில் சிந்தும் மணலும் பிசினும் முடிந்த தரையில் விழாது. தரைக்கு வாட்டம் கொடுத்திருந்தால் கோவிங்கின் பாதமும் அந்த வாட்டத்தோடு போகிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். பாதம் மேடாகிவிட்டால் அதன் பின்னால் நீர் தேங்கும்.

சுவரும் தரைத்தளமும் தனித்தனியாக அசையும் கட்டுமானமென்றால் இறுகிய கோவிங் இரண்டையும் பிடித்துக் கட்டாது, நடுவில் வெடிக்கும். அங்கே பாதத்தின் ஓரத்தில் நேராக ஒரு வெட்டு கொடுத்து பியூ சீலண்ட் நிரப்புங்கள். அந்தச் சீலண்ட் தேயும் பொருள். அது பிளந்திருக்கிறதா என்று அவ்வப்போது விரலால் அழுத்திப் பார்த்து, பிளந்த இடத்தை மட்டும் வெட்டி மாற்றினால் போதும், கோவிங்கைத் தொட வேண்டியிருக்காது.