டிசிஇ தொட்டியா, காரக் கழுவியா? கசடு அள்ளும் நாளை வைத்து முடிவெடுங்கள்

கடைசல் முடிந்த பாகத்தில் ஒட்டியிருக்கும் எண்ணெயை எடுக்க ட்ரைகுளோரோஎத்திலீன், அதாவது டிசிஇ, கெட்டிக்காரக் கரைப்பான். 87 டிகிரியில் கொதிக்கும். ஆவி குளிர்ந்த உலோகத்தில் பட்டுத் திரவமாகி எண்ணெயோடு வழிந்துவிடும். பாகம் உலர்ந்தே மேலே வரும். காரக் கழுவி, அதாவது சூடான காரக் கரைசலில் பாகத்தைக் கழுவும் இயந்திரத்தில், கழுவ, அலச, உலர்த்த என மூன்று கட்டம். வேகத்தில் டிசிஇதான் முந்தும். ஆனாலும் நாங்கள் தேர்ந்தெடுத்தது காரக் கழுவியை.

டிசிஇ சிறுநீரகப் புற்றுநோய் உண்டாக்கும் என்பது 2012-லேயே பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை உறுதிசெய்த விஷயம். அமெரிக்கத் தொழில்சார் சுகாதார வல்லுநர் அமைப்பான ஏசிஜிஐஎச் சொல்லும் எட்டு மணி நேரச் சராசரி வரம்பு 10 பிபிஎம், அதாவது காற்றில் பத்து லட்சத்தில் பத்துப் பங்கு. பலருக்கு அந்த அளவில் வாடையே தெரியாது, அதனால் மூக்கை நம்ப முடியாது. பாகங்கள் வைத்த கூடையை நிமிடத்துக்கு மூன்று மீட்டருக்கு மேல் வேகமாகத் தூக்கினாலோ, பக்கத்தில் மின்விசிறி சுழன்றாலோ ஆவி தொட்டியைவிட்டு வெளியே வந்துவிடும். இதையெல்லாம் ஒழுங்குபடுத்திவிடலாம்.

ஒழுங்குக்குள் அடங்காதது பராமரிப்பு. எண்ணெயும் உலோகத் தூளும் அடியில் கசடாகி ஹீட்டர் மேல் படியும். அந்த இடம் அளவுக்கு மீறிச் சூடாகிக் கரைப்பான் சிதையும், ஹைட்ரோகுளோரிக் அமிலம் உருவாகும். அதைத் தடுக்க யாராவது கசடை அள்ளியே ஆகவேண்டும். ஆவியோ காற்றைவிட நான்கரை மடங்கு கனம். தொட்டியை வடித்த பிறகும் அடியில் தேங்கி நிற்கும். குனிந்து சுரண்டுபவரின் முகம் சரியாக அந்த மட்டத்தில்தான் இருக்கும். ஆக்சிஜன் குறைந்த இடத்தில் கார்பன் வடிகட்டி முகமூடி காப்பாற்றாது. தொட்டி முழுதாக ஆறியிருக்க வேண்டும், அடியிலிருந்து காற்றை உறிஞ்சி வெளியேற்ற வேண்டும், ஆக்சிஜனையும் ஆவியையும் அளக்க வேண்டும், குழாய் வழிக் காற்று வரும் முகமூடி வேண்டும், வெளியே ஒருவர் காவல் நிற்க வேண்டும். கைக்கு நைட்ரைல் உறை போட்டால் சில நிமிடங்களில் டிசிஇ ஊடுருவிவிடும். பிவிஏ (பாலிவினைல் ஆல்கஹால்) அல்லது வைட்டான் (ஃபுளோரின் சேர்ந்த ரப்பர்) உறை தேவை. உற்பத்தி அவசரத்தில் முதலில் விடுபடுவது இந்தப் பட்டியல்தான்.

காரக் கழுவியின் கசடும் அழுக்குதான், ஆனால் ஆளை மயக்கித் தள்ளாது. குளியலை, அதாவது தொட்டியில் உள்ள காரக் கரைசலை, 40 டிகிரிக்குக் கீழே ஆறவிட்டு, கண்ணாடியும் நீளக் கையுறையும் போட்டு வடிக்கலாம். தினமும் மிதக்கும் எண்ணெயை வழித்து, ஷிஃப்டுக்கு ஒருமுறை டைட்ரேஷனில் (சொட்டுச் சொட்டாக அமிலம் விட்டு அளக்கும் சோதனையில்) காரத்தின் செறிவைப் பார்த்தால் குளியல் நெடுநாள் தாங்கும். சூடான குளியலில் காரத்தூளை நேராகக் கொட்டினால் கொதித்துத் தெறிக்கும், அதில்தான் கவனம். அலசும் நீர் அழுக்கானால் வெள்ளைத் தடம் படியும். உலர்த்தல் குறைந்தால் இரும்பு உடனே துருப்பிடிக்கும். அலுமினியத்துக்கு வலுவான காரம் ஆகாது, அரிப்புத் தடுப்பான் சேர்ந்த மிதமான கலவைதான் சரி. கழிவுநீரில் எண்ணெயைப் பிரித்து, காரத்தை நடுநிலையாக்கித்தான் வெளியே விட வேண்டும்.

டிசிஇக்குப் பதில் அதே தொட்டியில் என்-புரோப்பைல் புரோமைடு என்ற வேறொரு கரைப்பானை ஊற்றுவது தீர்வல்ல. அது நரம்பைத் தாக்கும். ஏசிஜிஐஎச் வரம்பு 0.1 பிபிஎம், டிசிஇயினுடையதில் நூறில் ஒரு பங்கு.

மிக மெல்லிய குழாய்கள், மறுபக்கம் திறக்காத ஆழத் துளைகள் உள்ள பாகங்களுக்கு இந்த முடிவை அப்படியே நீட்ட மாட்டேன். அங்கே நீர் உள்ளேயே தங்கிவிடும். முழுக்க மூடிய, வெற்றிடத்தில் கழுவி உலர்த்தும் இயந்திரத்தில் உங்கள் பாகத்தையே கொடுத்துச் சோதித்துப் பாருங்கள்.