வேர்ட், லேட்டெக், டைப்ஸ்ட், கொன்டெக்ஸ்ட்: தமிழில் கணித வினாத்தாள் தயாரிக்க எது?

மாதிரிப் பரீட்சைக்கு முதல்நாள் பின்னேரம். திருகோணமலை மத்திய வீதியில் ஒரு கொமியூனிகேசன் கடையில் வினாத்தாளை அச்சுக்குக் கொடுத்துவிட்டு நின்றேன். கடைத் தம்பி திரையை என் பக்கம் திருப்பினான். "இஞ்ச பாருங்க சேர், எக்ஸ் எல்லாம் 'ஒ' ஆகிட்டுது."

எட்டிப் பார்த்தேன். எக்ஸ் கூட்டல் வை இருந்த இடமெல்லாம் "ஒ + ல" என்று நின்றது. தமிழ் கொஞ்சம் சின்னதாகத் தெரிகிறது என்று முழுவதையும் தெரிவுசெய்து எழுத்துருவைப் பாமினிக்கு மாற்றியிருக்கிறான். அவனில் பிழையில்லை. பாமினியில் "ஒ" என்பது உள்ளே ஆங்கில எக்ஸ்தான், "ல" என்பது வை. அரைப்புள்ளி என்று நாம் நினைப்பது அங்கே மெய்யெழுத்தின் புள்ளி. கணினிக்குத் தெரிந்தது ஆங்கில எழுத்துகள் மட்டும். தமிழ் என்பது மேலே போட்ட ஒரு உடுப்பு. கட்டுரை அடிப்பவருக்கு இது பெரிய கரைச்சல் இல்லை. ஒரே வரியில் தமிழும் மாறிகளும் மாறிமாறி வரும் கணித வினாத்தாளுக்கு இது ஒரு கண்ணிவெடி.

அன்றிரவு உவர்மலை வீட்டில் இருந்து பத்து வினாக்களையும் யூனிகோடில், அதாவது தமிழ் எழுத்துக்குச் சொந்தக் குறியீடு உள்ள முறையில், திரும்ப அடித்தேன். அதற்குப் பிறகுதான் இந்தத் தேடல் தொடங்கியது. நான்கு வழிகளையும் ஒரே வேலையை வைத்துச் சோதித்திருக்கிறேன்: க.பொ.த. உயர்தர இணைந்த கணிதம் முதலாம் வினாத்தாளின் பகுதி 'அ', அதாவது 25 புள்ளிப்படி பத்து வினாக்கள், விடை எழுத இடத்தோடு. அதோடு இரண்டாம் வினாத்தாளில் வருவது போன்ற ஒரு நிலையியல் கணக்கு, படத்தோடு.

வேர்ட்டை முதலில் பார்ப்போம், ஏனென்றால் எல்லாரிடமும் இருப்பது அதுதான். 2007 பதிப்போடு வந்த சமன்பாட்டுக் கருவி உண்மையில் நல்ல கருவி. ஆல்ட்டையும் சமன் குறியையும் சேர்த்து அழுத்தினால் பெட்டி திறக்கும்; பின்னம், வர்க்கமூலம், தொகையீடு எல்லாம் விசைப்பலகையிலேயே அடிக்கலாம். கேம்பிரியா மேத் எழுத்துருவில் பார்வைக்கும் குறையில்லை. அதற்கு முந்திய பழைய சமன்பாட்டுக் கருவியில் செய்த கோப்புகளை வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும்: அது பாதுகாப்பு ஓட்டை காரணமாக 2018 ஜனவரியில் நீக்கப்பட்டது. பழைய சமன்பாடுகள் கண்ணுக்குத் தெரியும், ஆனால் வேர்ட்டுக்குள் அப்படியே திருத்த முடியாது; புதிய பதிப்புகளில் முதலில் புதிய சமன்பாட்டு வடிவத்துக்கு மாற்ற வேண்டும். பத்து வருட வினா வங்கி வைத்திருக்கும் ஆசிரியருக்கு இது சின்ன விசயம் இல்லை.

ஆனால் வேர்ட்டில் எனக்குள்ள உண்மையான குறை வேறு. அதில் வினா என்பது வினாவாக இல்லை. தடித்த எழுத்து, தள்ளிய விளிம்பு, ஒரு இலக்கம் என்ற தோற்றமாக மட்டும் இருக்கிறது. பாணிகளை ஒழுங்காகப் பாவித்தால் ஓரளவு சமாளிக்கலாம் என்பது சரி. ஆனாலும் "இது வினா, இது அதன் விடை, இதற்கு 25 புள்ளி" என்று கோப்புக்குச் சொல்லிவைக்க இயல்பான வழி இல்லை. அதனால் மாணவருக்கு ஒரு கோப்பு, விடையோடு எனக்கு இன்னொரு கோப்பு. ஒன்றில் திருத்தியது மற்றதில் விடுபடும்.

வினாத்தாளைக் கட்டளைகளோடு வெறும் உரையாக எழுதி, ஓட்டிப் பிடிஎப் எடுக்கும் லேட்டெக் அந்த இடத்தில்தான் வெல்கிறது. அதன் அடித்தளமான டெக், டொனால்ட் கனூத் 1977 இல் தன் நூலின் அச்சுப்படியைப் பார்த்து மனம் பொறுக்காமல் தொடங்கிய வேலை. கணிதம் அச்சில் அழகாக நிற்க வேண்டும் என்ற அந்த ஒரே பிடிவாதம் இன்றைக்கும் அதில் தெரிகிறது. லெஸ்லி லாம்போர்ட் 1980களில் அதன் மேல் லேட்டெக்கைக் கட்டினார். அவர் சேர்த்தது அமைப்பு: தோற்றத்தைச் சொல்லாதே, பொருளைச் சொல்.

இதை ஒரு உதாரணத்தில் காட்டுகிறேன். காவிகளை (வெக்டர்களை) தடித்த எழுத்தில் போடுவதா, மேலே அம்பு போடுவதா? நான் தொடக்கத்தில் அம்பு போட்டேன். கையால் எழுதும் பிள்ளைகள் கீழே கோடிடுகிறார்கள், அச்சிலோ தடித்த எழுத்துத்தான் அவர்களுக்குப் பழக்கம். மாற்ற வேண்டும். என் தொகுப்பு அப்போது அறுபது பக்கத்தைத் தாண்டியிருந்தது. ஆனால் ஒவ்வொரு காவியையும் நான் "காவி" என்ற பொருளில் நானே வரையறுத்த ஒரு கட்டளைக்குள்தான் வைத்திருந்தேன். அந்த வரையறையில் ஒரு வரி மாற்றியதும் அறுபது பக்கமும் மாறிவிட்டது. வேர்ட்டில் என்றால் ஒவ்வொரு அம்பாகத் தேடிக் கழற்ற வேண்டும்.

வினாத்தாளுக்கென்றே 'எக்ஸாம்' என்று ஒரு ஆவண வகுப்பு லேட்டெக்கில் இருக்கிறது. வினா, உபவினா, புள்ளி, விடை எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டளை. விடையை வினாவுக்குக் கீழேயே எழுதிவைக்கலாம். தலைப்பகுதியில் "விடைகளை அச்சிடு" என்ற ஒரு கட்டளையைச் சேர்த்தால் ஆசிரியர் பிரதி, எடுத்தால் மாணவர் பிரதி. புள்ளிகளை அதுவே கூட்டும்; இரண்டு முறை ஓட்டினால் பகுதி 'அ' 250 என்று வருகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். பகுதி 'அ' வினாக்களுக்கு மாணவர் தாளிலேயே விடை எழுதுவதால், மிச்ச இடத்தைப் புள்ளிக்கோட்டால் நிரப்பவும் கட்டளை உண்டு. "பொயிண்ட்ஸ்" என்று வரும் சொல்லை "புள்ளிகள்" என்று மாற்ற ஒரு வரி போதும்.

இனித் தமிழ். லேட்டெக்கை ஓட்டும் பழைய இயந்திரமான பிடிஎப்லேட்டெக் நேரடியாக யூனிகோட் தமிழை ஏற்காது. ஸீலேட்டெக் அல்லது லுவாலேட்டெக் வேண்டும். லேட்டெக்கை இணையத்திலேயே ஓட்டும் ஓவர்லீப் தளத்தில் தொடங்குபவர்கள் அமைப்புப் பக்கத்தில் இதை மாற்றாமல் விட்டுவிட்டு "தமிழ் வரவில்லை" என்று கைவிடுகிறார்கள். எழுத்துருவைக் கூப்பிடும் இடத்தில் எழுத்துமுறை தமிழ் என்று சொல்ல வேண்டும். லுவாலேட்டெக்கில் எழுத்துகளைக் கோக்க ஹார்ப்பஸ் என்ற கருவி வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டால் கொம்புகள் இடம்மாறாமல் உட்காரும். நோட்டோ செரிப் தமிழ் என் தெரிவு.

இங்கே ஒரு ஆபத்து. சமன்பாட்டின் நடுவே "எனின்" என்று எழுதினேன், அதை உரை என்று அடைக்க மறந்துவிட்டேன். கணித எழுத்துருவில் தமிழ் இல்லை. லேட்டெக் நிற்கவில்லை, சிவப்பு எழுத்தில் கத்தவும் இல்லை. பதிவுக் கோப்பில் எங்கோ "எழுத்து இல்லை" என்று ஒரு வரி. பிடிஎப்பில் "எனின்" இருந்த இடம் வெறுமை. நிபந்தனை இல்லாத வினா வேறு வினாவாகிவிடும். இப்போது அச்சுக்குக் கொடுக்கும் முன் பதிவுக் கோப்பில் அந்த வரி இருக்கிறதா என்று கட்டாயம் தேடிப் பார்க்கிறேன். லேட்டெக்கில் தமிழ்க் கணிதம் செய்யும் எல்லாருக்கும் நான் சொல்ல விரும்புவது வேறெதையும்விட இதைத்தான்.

டைப்ஸ்டும் அதே வகைதான், ஆனால் புதியது. பெர்லினில் இரண்டு மாணவர்கள் தொடங்கி 2023 மார்ச்சில் பொதுவில் விட்டது. மேலே சொன்ன தவறை அதில் செய்தால் சொல் சத்தமில்லாமல் காணாமல் போகாது. அதைத் தெரியாத மாறி என்று பிழை காட்டி நின்றுவிடும். நிறுவச் சில பத்து எம்பி போதும். லேட்டெக் அடங்கிய முழு டெக் லைவ் தொகுப்பு பல ஜிபி; நான் அதை நள்ளிரவு டேட்டாவில் இரண்டு இரவு விட்டு இறக்கினேன். டைப்ஸ்டில் அடிக்க அடிக்கப் பக்கம் உடனே மாறும். என் பழைய மடிக்கணினியில் லுவாலேட்டெக் நாற்பது பக்கத்துக்கு எடுக்கும் நேரத்தில் தேத்தண்ணி போட்டு வரலாம்.

எழுதுவதும் இலகு. பின்னத்துக்குச் சாய்கோடு போதும், தொகுதியும் பகுதியும் தானே மேலும் கீழும் போகும். பின்சாய்கோடும் இரட்டை அடைப்பும் இல்லாததால் பிள்ளைகளே இதைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் பிரயோக கணிதம் படிப்பிப்பவர் முதல் நாளே முட்டும் இடம் ஒன்று உண்டு. நிறை என்றதும் நம் கை எம்மையும் ஜியையும் ஒட்டித்தான் அடிக்கும். டைப்ஸ்ட் ஒட்டிய எழுத்துகளை ஒரே பெயராக எடுத்து, அப்படி ஒரு மாறியைத் தெரியாது என்று நின்றுவிடும். நடுவில் இடைவெளி விட வேண்டும். நிலையியலில் இது எத்தனை தரம் வரும் என்று சொல்லவே தேவையில்லை. ஒன்று மட்டும் நல்லது: பிழையை அந்த வரியிலேயே, விளங்கும் மொழியில் காட்டுகிறது. லேட்டெக்கில் அடைப்புக்குறி ஒன்று விட்டுப்போனால் பிழை இரண்டு பக்கம் தள்ளி வெடிக்கும்.

டைப்ஸ்டில் என் தயக்கம் வயது பற்றியது. இதை எழுதும்போது அது இன்னும் 1.0 என்ற இலக்கத்துக்கு வரவில்லை. பதிப்புக்குப் பதிப்பு சில கட்டளைகள் மாறுகின்றன. இந்தக் கிழமை ரியூட்டுக்கு (வகுப்பில் கொடுக்கும் பயிற்சித்தாளுக்கு) அது பிரச்சினையே இல்லை. 2035 இல் திறக்க வேண்டிய வினா வங்கியை அதில் வைக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை. டெக்கின் பதிப்பு எண்ணோ பை எண்ணை நோக்கி ஒவ்வொரு தசமதானமாக நகர்கிறது; அவ்வளவுக்கு அது உறைந்துவிட்டது. என் வேலைக்கு அந்த உறைவு பலம்.

படங்களுக்கு வந்தால் போட்டியே இல்லை. சாய்தளம், கப்பி, இழை, மறுதாக்கம்: லேட்டெக்கின் டிக்ஸ் பொதியில் கோணத்தை 30 பாகை என்று எழுதினால் 30 பாகைதான். வினாவில் கோணத்தை மாற்றினால் படமும் மாறும். டைப்ஸ்டின் செட்ஸ் பொதி அந்த வழியில் வளர்கிறது, ஆனால் டிக்ஸில் இருக்கும் உதாரணங்களின் அளவுக்கு இன்னும் இல்லை. வேர்ட்டில் வரைந்த கப்பி வேறு கணினியில் திறந்ததும் இழையை விட்டுத் தனியே போய் நிற்கும்.

கொன்டெக்ஸ்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நெதர்லாந்தில் ஹான்ஸ் ஹாகன் வளர்த்த இந்த அமைப்பு, எக்ஸ்எம்எல் கோப்பையும் (குறிச்சொற்களால் எழுதிய கோப்பு) மேத்எம்எல் கணிதத்தையும் (கணிதத்துக்கான அதே வகைக் குறிச்சொற்கள்) நேரே எடுத்து அச்சுப் பக்கமாக்கும். வினா வங்கியை எக்ஸ்எம்எல்லில் வைத்து, ஒரே மூலத்திலிருந்து அச்சும் இணையப் பக்கமும் எடுக்க நினைக்கும் பதிப்பகத்துக்கோ பல்கலைக்கழகத் துறைக்கோ இது பொருத்தம். 2023 ஜனவரியில் குரோம் 109 வந்ததிலிருந்து மேத்எம்எல் குரோமிலும் நேரடியாகத் தெரிகிறது, ஆகவே கைபேசியில் வாசிக்கும் பிள்ளைகளுக்கும் இந்த வழி திறந்திருக்கிறது. தனியாக வேலை செய்யும் ஆசிரியருக்கு மேத்எம்எல்லைக் கையால் எழுதுவது நடக்காத காரியம். ஒரு பின்னத்துக்கே ஐந்தாறு குறிச்சொற்கள் வேண்டும்.

கடதாசி பற்றியும் சொல்ல வேண்டும். 2022 இல் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே பிற்போட்டார்கள். நாங்களும் இங்கே ரியூட்டை இரண்டு நிரலாக்கிச் சுருக்கினோம். ஒடுக்கமான நிரலில் தமிழ் படும் பாடு அப்போதுதான் தெரிந்தது. "செங்கோணமுக்கோணியொன்றின்" போன்ற ஒரு சொல் வரிமுடிவில் வந்தால் முழுச்சொல்லும் கீழே இறங்கி, மேல் வரியில் இடைவெளி வாய்பிளந்து நிற்கும். வேர்ட் வரிவரியாகப் பார்க்கிறது. டெக் முழுப் பந்தியையும் ஒருமிக்கப் பார்த்து வரிகளை முடிவுசெய்கிறது. தமிழுக்கான சொல்முறிப்பு விதிகளும் அதோடு வருகின்றன. முறிக்கும் இடத்தில் சிறுகோடு வராமல் நிறுத்திவிட்டேன், தமிழுக்கு அது உறுத்தல். அதே வருடம் மார்ச் முடிவில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போனது. இணையத்தில் மட்டும் ஓடும் எதையும் நம்பியிருக்க முடியாது என்று அப்போது முடிவுசெய்தேன். லேட்டெக்கும் டைப்ஸ்டும் கணினியிலேயே ஓடும்.

ஆக, வினா வங்கி லுவாலேட்டெக்கில். கிழமை ரியூட் இந்தத் தவணையிலிருந்து டைப்ஸ்டில். கிண்ணியாவில் என்னோடு சேர்ந்து வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியர் வேர்ட்டை விடமாட்டார். நான் அவரை வற்புறுத்துவதும் இல்லை. அவருக்குப் பாண்டொக் என்ற கோப்பு மாற்றும் மென்பொருள் மூலம் மாற்றி அனுப்புகிறேன். லேட்டெக் சமன்பாடுகள் வேர்ட்டின் சொந்தச் சமன்பாடுகளாகவே போகின்றன, அவர் அங்கேயே தொட்டுத் திருத்தலாம். டிக்ஸ் படங்கள் அப்படிப் போகாது, அவற்றைத் தனியே படமாக்கி ஒட்ட வேண்டும். அவர் திருத்தியதை நான் கையால்தான் திரும்ப வங்கியில் சேர்க்கிறேன். ஒரு வினாத்தாளுக்கு அரை மணித்தியாலம் போகும். போன தடவை அவர் எட்டாம் வினாவில் "மெய்" என்ற ஒரு சொல்லைச் சேர்த்து அனுப்பியிருந்தார். அது இல்லாமல் அந்த இருபடிச் சமன்பாட்டுக்கு நான் எழுதிவைத்த விடை பிழை.