எழும்பூர், மாமல்லபுரம், பரோடா: ஓவியமும் சிற்பமும் படிக்க மூன்று வழிகள்

பிளஸ் டூ முடித்துவிட்டு ஓவியமோ சிற்பமோதான் படிப்பது என்று உறுதியாக இருக்கும் தமிழ்நாட்டு மாணவர், பெரும்பாலும் நான்காண்டுப் பட்டப்படிப்புகள் மூன்றுக்கு இடையே தயங்குகிறார். சென்னை எழும்பூரில் உள்ள அரசு கவின் கலைக் கல்லூரியின் பி.எஃப்.ஏ. (கவின் கலை இளநிலைப் பட்டம்) ஒன்று; மாமல்லபுரம் அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியின் மரபுவழிப் பட்டங்கள் மற்றொன்று; மாநிலத்தை விட்டுப் போக வசதியும் துணிவும் இருந்தால், குஜராத்தில் உள்ள பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழக நுண்கலைப் புலத்தின் பி.வி.ஏ. (காட்சிக் கலை இளநிலைப் பட்டம்) மூன்றாவது. பாடத்திட்டங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் கோட்டோவியம், வண்ணம், சிற்பம், கலை வரலாறு என்று ஏறத்தாழ ஒரே தலைப்புகள் எல்லாவற்றிலும் காணப்படும் என்பதால், அந்த ஒப்பீடு மாணவருக்கு அதிகம் உதவாது. மனித உருவத்தை எங்கிருந்து தொடங்கிக் கற்பிக்கிறார்கள் என்று கேட்டால், மூன்றும் மூன்று திசைகளில் பிரிவது தெளிவாகத் தெரியும்.

எழும்பூரில் உருவம் கண்ணெதிரே இருப்பதிலிருந்து தொடங்குகிறது. மேசை மீது வைத்த பானையும் துணியும், பிறகு தலை, பிறகு எதிரே அமர்ந்திருக்கும் மாடல் என்று பென்சிலும் கரியும் கொண்டு வரைந்து, ஒளி விழும் இடத்தையும் நிழல் திரும்பும் இடத்தையும் மாணவர் அடையாளம் காணப் பழகுகிறார். சிற்பத் துறையில் அதே மாடலைச் சுற்றிவந்து பார்த்து, கம்பிக் கூட்டின் மேல் களிமண்ணை அப்பி உருவாக்கி, அதைப் பிளாஸ்டரில் வார்க்க வேண்டும். வகுப்புக்கு வெளியே ரயில் நிலையங்களிலும் சந்தைகளிலும் அமர்ந்து விரைந்து வரையும் பழக்கம் இக்கல்லூரி மாணவர்களிடம் தலைமுறைகளாக உண்டு. நிற்காத மனிதரை அவர் நகர்ந்துவிடுவதற்குள் பிடிக்கப் பழகும் இந்தப் பயிற்சி எந்தத் தேர்வுத் தாளிலும் முழுமையாக அடங்காது.

இந்தக் கல்லூரியின் வேர் 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கிய கலைப் பள்ளியில் இருக்கிறது. அவருடைய காலத்தில் கைத்தொழிலை மேம்படுத்துவதே முதன்மை நோக்கமாக இருந்தது. இன்றும் ஓவியம், சிற்பம், அச்சுக்கலை ஆகியவற்றோடு சுடுமண் வடிவமைப்பும் துணி வடிவமைப்பும் அங்கே தனித் துறைகளாக நீடிப்பதை அந்தப் பழைய நோக்கத்தின் எச்சம் என்று கொள்ளலாம். பள்ளியின் தலைமைக்கு வந்த முதல் இந்தியரான தேவி பிரசாத் ராய் சௌத்ரி உடற்கூறு அறிவில் ஊன்றிய யதார்த்தச் சிற்பத்தை வளர்த்தார். அவருடைய மாணவரும், பின்னர் அதே பொறுப்பை ஏற்றவருமான கே.சி.எஸ். பணிக்கர், ஐரோப்பியக் கண்ணோடு மட்டும் பார்ப்பது போதாது என்று கருதி, கோட்டையும் குறியீட்டையும் நாட்டார் வடிவங்களையும் நோக்கி மாணவர்களைத் திருப்பினார். 1966இல் அவர் தலைமையில் சோழமண்டலம் கலைஞர் கிராமம் உருவானது. அதற்கான நிலத்தை வாங்க, கலைஞர்கள் பாத்திக் (மெழுகிட்டுச் சாயமேற்றிய துணி) முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்றார்கள். மாடலைப் பார்த்து அச்சாக வரையும் திறமும், அந்த அச்சை உடைக்கும் துணிவும் ஒரே வளாகத்தில் கற்பிக்கப்பட்ட இந்த இரட்டை மரபே எழும்பூரின் உண்மையான சொத்து என்பது என் கருத்து.

மாமல்லபுரத்தில் எதிரே யாரும் அமர்ந்திருப்பதில்லை. அங்கே உருவம் அளவிலிருந்து பிறக்கிறது. தாலமானம் எனப்படும் முறையில், படிமத்தின் மொத்த உயரத்தை இத்தனை கூறுகள் என்று முதலில் வகுத்துக்கொள்வார்கள். சிவன், திருமால் போன்ற பெருந்தெய்வங்களுக்கு உத்தம தச தாலம், அதாவது 124 கூறுகள். தேவியருக்கு மத்திம தச தாலம், 120 கூறுகள். பிள்ளையாருக்குக் குறுகிய பஞ்ச தாலம். இந்தக் கூறு ஒவ்வொன்றும் ஓர் அங்குலம் எனப்படும். அடிக்கோலில் உள்ள அங்குலத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. படிமம் ஒரு சாண் உயரமானாலும் இருபது அடி உயரமானாலும், அதன் உயரத்திலிருந்தே அதன் அங்குலம் கிடைக்கும் என்பதால், விகிதம் மாறாமல் எந்த அளவுக்கும் கொண்டுபோக முடிகிறது. நடுவில் பிரம்மசூத்திரம் என்ற செங்குத்துக் கோட்டை இட்டு, அதிலிருந்து உடல் எவ்வளவு விலகுகிறது என்பதைக் கொண்டு சமபங்கம், அபங்கம், திரிபங்கம், அதிபங்கம் என்று நிலைகளை வரையறுப்பார்கள். கைகள் எத்தனை, அவற்றில் என்ன ஆயுதம், எந்த முத்திரை என்பதை, தெய்வத்தின் உருவத்தை வருணிக்கும் தியான சுலோகம் சொல்லும். மயமதம், மானசாரம் போன்ற நூல்கள் இங்கே பாடத்தின் அடித்தளமாக இருப்பதால், ஓரளவு வடமொழிச் சொற்களஞ்சியம் இல்லாமல் படிப்பு நகராது.

கல், சுதை, மரம், உலோகம் என்று பொருளுக்கு ஒரு பயிற்சி உண்டு. களிமண்ணில் தவறினால் இன்னொரு பிடி மண் போதும். கருங்கல்லில் மூக்கின் ஓரம் தெறித்துவிட்டால் அந்த உருவம் அன்றோடு முடிந்தது. ஆகவே இங்கே பயிலும் மாணவர், உளியை வைக்கும் முன்பே முழு உருவத்தையும் கல்லுக்குள் அளந்து பார்த்துவிடும் பழக்கத்துக்கு ஆளாகிறார். இதே கல்லூரி மரபுவழிக் கட்டடக்கலையில் பி.டெக். பட்டமும் தருவதால், படிமம் நிற்கப்போகும் கருவறையின் அளவோடு சேர்த்துப் படிமத்தைச் சிந்திக்கும் வாய்ப்பும் கிடைக்கிறது. மற்ற இரண்டு இடங்களிலும் இதற்கு ஈடு இல்லை.

இந்தக் கல்வியை வெறும் நகலெடுப்பு என்று ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதே 124 கூறுகளைக் கைக்கொண்ட இரண்டு ஸ்தபதிகளின் படிமங்களை அருகருகே வைத்தால், உதட்டின் கோடும் தோளின் சரிவும் ஒன்றுபோல இருப்பதில்லை. அளவு எதை நிர்ணயிக்கிறது, எதைக் கைக்கு விட்டுவிடுகிறது என்பதை அப்படி ஒதுக்குகிறவர்கள் கவனிக்கவில்லை என்றே தோன்றுகிறது. மறுபுறம், உலக நவீன ஓவியத்தில் என்ன நடந்தது, இன்று ஒரு கலைஞர் ஏன் ஓர் உருவத்தைச் செய்ய வேண்டும் என்பன போன்ற கேள்விகள் இந்தப் பாடத்திட்டத்தின் மையத்தில் இல்லை. அவற்றைத் தேடுகிற மாணவர் இங்கே ஏமாற்றம் அடைவார்.

இரண்டு கல்விகளின் விளைவையும் பார்க்க அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டியதில்லை. மெரினாவில் 1959இல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலை ராய் சௌத்ரி செய்தது. பாறையை நகர்த்தும் நான்கு பேரின் உடலிலும் எடை எங்கே இறங்குகிறது, எந்தத் தசை முறுகுகிறது என்பது பார்த்துக் கற்ற கையால் மட்டுமே சொல்லக்கூடியது. கன்னியாகுமரியில் 2000ஆம் ஆண்டு சனவரி 1 அன்று திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலையை உருவாக்கியவர், மாமல்லபுரக் கல்லூரிக்குத் தலைமை வகித்த வை. கணபதி ஸ்தபதி. அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்கு ஈடாக 38 அடி பீடம், அதன் மேல் 95 அடி உருவம், மொத்தம் 133 அடி என்று எண்ணிக்கையே அங்கே பொருளாகிறது. இடையின் ஒசிவு எந்த மாடலின் இடையும் அன்று, பங்க இலக்கணத்திலிருந்து வந்தது. உழைப்பாளர் சிலையில் தசையை மறைத்துவிட்டால் ஒன்றும் மிஞ்சாது. வள்ளுவர் சிலையில் தசையே கிடையாது. இதில் எது உயர்ந்தது என்ற வாதத்தில் எனக்கு ஆர்வமில்லை. ஆனால் எந்தச் சிலையின் முன் தன் கால்கள் அதிக நேரம் நின்றன என்பதை மாணவர் கவனித்தால், விண்ணப்பப் படிவத்தில் பாதி நிரம்பிவிடும்.

பரோடாவில் உருவம் கேள்வியிலிருந்து தொடங்குகிறது எனலாம். 1949இல் நிறுவப்பட்ட பல்கலைக்கழகத்தில் அடுத்த ஆண்டே நுண்கலைப் புலம் தொடங்கியது. நாட்டின் கலைப் பள்ளிகள் பொதுவாகப் பட்டயம் வழங்கிவந்த காலத்தில், பல்கலைக்கழகப் பட்டம் என்ற அமைப்புக்குள் ஓவியமும் சிற்பமும் இங்கே கொண்டுவரப்பட்டதால், செய்முறைக்கு நிகராகக் கலை வரலாறும் அழகியலும் இடம்பிடித்தன. மாடல் பயிற்சி இங்கும் உண்டு. ஆனால் மாணவர் வரைந்த உருவம், முகலாயச் சிற்றோவியத்தின் உருவத்தோடும் இத்தாலியச் சுவரோவியத்தின் உருவத்தோடும் தெருவோர விளம்பரப் பலகையின் உருவத்தோடும் எப்படி உறவு கொள்கிறது என்று ஆசிரியரும் சக மாணவரும் கேட்பார்கள். பதில் சொல்லியாக வேண்டும். இங்கே படித்து, இங்கேயே கலை வரலாறும் ஓவியமும் கற்பித்த குலாம்முகமது ஷேக்கின் ஓவியங்களில் இத்தாலியின் சியெனா நகரச் சுவரோவியங்களும் முகலாய ஏடுகளும் ஒரே பரப்பில் கலப்பது இந்தக் கல்விச் சூழலோடு பொருந்திப்போகிறது.

பரோடாவின் தொடக்கக்கால ஆசிரியர்களில் ஒருவரான கே.ஜி. சுப்ரமணியன் சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்தவர். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றதால் அரசுக் கல்லூரிக் கதவுகள் மூடப்பட, வங்காளத்தில் தாகூர் நிறுவிய சாந்திநிகேதன் போய்ச் சேர்ந்தார். கைவினைக்கும் கலைக்கும் இடையே சுவர் எழுப்பாத சாந்திநிகேதன் பார்வையை அவர் பரோடாவுக்குக் கொண்டுவந்தார். பொம்மைகளும் முகமூடிகளும் செய்து விற்கும் நுண்கலைத் திருவிழாவில் அதன் தடத்தைக் காணலாம். கலை வரலாற்றையே முதன்மைப் பாடமாக எடுத்து இளநிலைப் பட்டம் பெறவும் அங்கே வழி உண்டு. எழும்பூரிலும் மாமல்லபுரத்திலும் கலை வரலாறு துணைப் பாடம்தான். விமர்சகராகவோ கலைக் கண்காட்சி அமைப்பாளராகவோ வர விரும்புபவருக்கு இந்த ஒரு வேறுபாடே முடிவைத் தீர்மானித்துவிடும்.

தடைகளையும் சொல்ல வேண்டும். பரோடாவில் வாசிப்பும் விவாதமும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடப்பதால், தமிழ்வழியில் படித்து வந்தவருக்கு முதல் ஆண்டு கடினமாக இருக்கும். விடுதி, பயணம் ஆகியவற்றின் செலவு தனி. தமிழ்நாட்டுக் கல்லூரிகள் இரண்டும் அரசுக் கல்லூரிகள் என்பதால் கல்விக் கட்டணம் சுமையாக இராது. வண்ணமும் கான்வாஸும் கருவிகளும்தான் குடும்பத்தின் கையைக் கடிக்கும். எழும்பூரிலும் பரோடாவிலும் நுழைவுத் தேர்வில் கையின் திறமே முதலில் சோதிக்கப்படுகிறது. வேலையைப் பொறுத்தவரை, மாமல்லபுரப் பட்டதாரிக்குக் கோயில் திருப்பணிகள் உள்நாட்டிலும் தமிழர் குடியேறிய நாடுகளிலும் தெளிவான ஒரு வழியைக் காட்டுகின்றன. மற்ற இருவரும் தங்கள் வழியைத் தாங்களே வெட்டிக்கொள்ள வேண்டும்.

விஸ்காம் என்று சுருக்கமாக வழங்கும் மூன்றாண்டு பி.எஸ்சி. காட்சித் தொடர்பியல் படிப்பை இந்தப் பட்டியலில் சேர்க்காததற்குக் காரணம் இருக்கிறது. புகைப்படம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, விளம்பரம் என்று ஊடகத் தொழிலுக்கு அது ஆயத்தப்படுத்துகிறது. வரைதல் அதில் ஒரு சிறு பகுதி மட்டுமே. எழும்பூரில் பி.எஃப்.ஏ.வுக்குள் காட்சித் தொடர்பு வடிவமைப்பு என்ற துறை இருப்பதால் பெற்றோர் இரண்டையும் ஒன்றென எண்ணிவிடுகிறார்கள். எழும்பூர்த் துறை எழுத்துரு, இலச்சினை, சுவரொட்டி, பக்க வடிவமைப்பு என்று வரைகலைஞரை உருவாக்குவது. கேமராவோடு ஓடப் பிறந்தவர் அங்கே போய்ச் சலிப்படைய வேண்டாம்.

இன்னும் முடிவெடுக்க முடியாதவர், எதை முதலில் படிப்பது, எதைப் பிறகு படிப்பது என்ற வரிசையையும் எண்ணிப் பார்க்கலாம். எழும்பூரில் இளநிலை முடித்துவிட்டு முதுநிலைக்குப் பரோடாவோ சாந்திநிகேதனோ போவது நன்கு பழகிய பாதை. கேள்வி கேட்கும் பயிற்சியை இருபத்திரண்டு வயதிலும் தொடங்க முடியும். மாமல்லபுரத்தை அப்படித் தள்ளிப்போட முடியாது. கருங்கல்லில் உளி பிடிக்கும் மணிக்கட்டு இளவயதிலேயே பழக வேண்டியது என்பதால், கோயில் சிற்பத்தில் கொஞ்சமேனும் மனம் இருப்பவர் முதல் நான்கு ஆண்டுகளை அங்கே கொடுத்துவிட்டுப் பிறகு வேறெங்கும் போவதே நல்லது.