பாளையங்கோட்டையா, மைசூரா?

பி.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டுப் பாளையங்கோட்டையில் பி.எட். படித்தவள் நான். என் சித்தி மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு மைசூர் மண்டலக் கல்வி நிறுவனத்தில் நான்காண்டு பி.எஸ்சி.பி.எட். சேர்ந்தாள். இப்போது பக்கத்து வீட்டுப் பெண் ஆசிரியராக எந்த வழி நல்லது என்று கேட்கிறாள். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை.

கணக்கு எளிது: எனக்கு மூன்றும் இரண்டும் ஐந்து, சித்தி மகளுக்கு நான்கு. 2015க்கு முன் பி.எட். ஓராண்டாக இருந்தபோது இந்த வித்தியாசமே கிடையாது. ஆசிரியர் தகுதித் தேர்வும் இருவருக்கும் ஒன்றுதான். ஆசிரியர் வேலைதான் வேண்டுமா என்று பதினேழு வயதில் தெரியாதவர்களுக்கு என் வழியில் யோசிக்க மூன்றாண்டு அவகாசம் உண்டு.

உளவியலில் அவள் கொடுத்துவைத்தவள். இயக்க விதிகளையும், பிள்ளைகள் அவற்றில் எங்கே தடுமாறுவார்கள் என்பதையும் சேர்ந்தாற்போலப் படித்தாள். எனக்கோ, பிள்ளைகள் எப்படிக் கற்கிறார்கள் என்று ஆராய்ந்த பியாஜேயும் வைகாட்ஸ்கியும் மொத்தமாக வந்து இறங்கினார்கள்; பாதி நேரம் ரெக்கார்ட் எழுதியே போயிற்று. ஒரு சோதனை மட்டும் மறக்கவில்லை. கையைத் தடுப்பு மறைத்திருக்கும். கண்ணாடியில் தெரியும் நட்சத்திரத்தைப் பார்த்து அதன் கோட்டின் மேலேயே பென்சிலை ஓட்ட வேண்டும். கண்ணாடியில் திசை மாறித் தெரிவதால், முனையில் திருப்ப வேண்டிய இடத்தில் என் கை அப்படியே நின்றுவிட்டது. ஒளி போகும் பாதையைக் காட்டும் கதிர்ப்படம் வரையத் திணறுகிற பிள்ளையை இன்றுவரை நான் அதட்டியதில்லை.

ஆனால் என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் தீர்மானிப்பது கற்பித்தல் பயிற்சி. இரண்டாண்டு பி.எட்.டில் 20 வாரம் பள்ளியில் இருக்க வேண்டும். எனக்குக் கிடைத்தது தமிழ்வழிப் பள்ளி. ஒன்பதாம் வகுப்பில் நிறை, எடை நடத்தினேன். எடையின் அலகு நியூட்டன் என்று கரும்பலகையில் எழுதியதும் பலசரக்குக் கடைக்காரர் மகன் ஒருவன் எழுந்தான். அவன் அப்பா எடை போடுவது கிலோவில்தானாம். வகுப்பே சிரித்தது. அவன் சொன்னதில் பிழையில்லை. கடைத்தெருவின் எடைதான் பாடநூலின் நிறை. அதே சொல்லைப் பாடநூல் வேறொன்றுக்கு வைத்திருக்கிறது.

மறுநாள் பீரோவில் பூட்டிக் கிடந்த சுருள்வில் தராசைக் கெஞ்சி வாங்கிவந்தேன். சாவி தலைமை ஆசிரியரிடம் இருந்தது, அவரோ கூட்டத்தில். ஒரு கிலோ கல்லைத் தொங்கவிட்டு, நிலவில் இந்தத் தராசு ஆறில் ஒரு பங்கு காட்டும், உன் அப்பாவின் இருதட்டுத் தராசு அங்கேயும் ஒரு கிலோதான் காட்டும் என்றேன். ஏன் என்று அவனே கண்டுபிடித்தான்: எதிர்த்தட்டில் இருக்கும் படிக்கல்லும் இலேசாகிவிடுமே!

மைசூரில் என் தங்கை ஆங்கிலத்தில் நடத்தினாள். பிள்ளைகள் தங்களுக்குள் கன்னடத்தில் பேசிக்கொண்டார்கள். கடைசி பெஞ்சில் முணுமுணுத்தது என்னவென்று கடைசிவரை தெரியவில்லை என்பாள். பிள்ளையின் தவறான எண்ணம் அந்த முணுமுணுப்பில்தானே இருக்கிறது? நான் அங்கே படித்தவள் அல்ல, அவள் சொல்லக் கேட்டதுதான். உயிரியலில் பயிற்சி எப்படி அமையும் என்பதற்கும் நான் சாட்சி இல்லை.

வெளிமாநில ஆங்கிலவழிப் பள்ளிகளில் வேலை பார்க்க எண்ணினால் மைசூரே சரி. என் தங்கை இன்று அப்படி ஒரு பள்ளியில்தான் இருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கோ அம்பாசமுத்திரம் பக்கம் அரசுப் பள்ளியில் சேர ஆசை. பாளையங்கோட்டை என்று சொல்லியிருக்கிறேன். அவள் அப்பா மட்டும் மணியாச்சியில் மைசூர் வண்டி எத்தனை மணிக்கு என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்.