ரகசியச் சாவிக்கு எந்த மால்லாக்? ஓபன்எஸ்எஸ்எல், லிப்ஜிகிரிப்ட், லிப்சோடியம் ஒப்பீடு

32 பைட் ரகசியச் சாவி ஒன்றை மெமரியில் எங்கே வைப்பது? சி மொழியில் கிரிப்டோகிராஃபி எழுதுகிறவர்கள் அதிகம் நாடும் மூன்று லைப்ரரிகளும் இதற்கு மூன்று விதமாகப் பதில் சொல்கின்றன. மூன்றிலும் "பாதுகாப்பான" மால்லாக் (மெமரியில் இடம் ஒதுக்கித் தரும் ஃபங்ஷன்) ஒன்று இருக்கிறது, ஃபங்ஷன் பெயர்களும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கின்றன. அதனால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டுக்கொள்ளலாம் என்ற நினைப்பு சுலபமாக வந்துவிடுகிறது. அப்படிச் செய்யவே கூடாது. எல்லாம் ஒழுங்காக நடக்கும்போது மூன்றும் நன்றாகத்தான் வேலை செய்யும். துவக்க மறந்துவிட்டால், மெமரிப் பக்கத்தை டிஸ்க்குக்குப் போகாதபடி பூட்ட கர்னல் மறுத்துவிட்டால், இடம் தீர்ந்துவிட்டால் என்ன ஆகிறது என்பதில்தான் இவை ஒன்றுக்கொன்று முற்றிலும் வேறுபடுகின்றன. வேகத்தை விட, வசதியை விட, இதைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சாதாரண மால்லாக் ஏன் போதாது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃப்ரீ செய்தபின் அந்த பைட்டுகள் அழிவதில்லை, அடுத்து அந்த இடத்தைக் கேட்டு வாங்குகிறவரிடம் அப்படியே போகின்றன. ஃப்ரீ செய்வதற்கு முன் மெம்செட் போட்டுப் பூஜ்யமாக்கினால், இந்த இடத்தை இனி யாரும் படிக்கப்போவதில்லை என்று கண்டுகொண்ட கம்பைலர் அந்த வரியையே தூக்கிவிடலாம். ஓபன்எஸ்எஸ்எல்_க்ளென்ஸ், சோடியம்_மெம்ஜீரோ, லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சியின் 2.25 பதிப்பில் வந்த எக்ஸ்ப்ளிசிட்_பிஜீரோ எல்லாம் இதற்காகப் பிறந்தவை. வாங்கிய இடத்தின் அளவை மாற்றும் ரீஅலாக் இன்னும் மோசம். அது புது இடத்துக்கு நகலெடுத்துவிட்டுப் பழைய இடத்தைத் துடைக்காமல் விட்டுவிடும், பழைய பாயிண்டரும் கையில் இல்லாததால் நாமாகத் துடைக்கவும் வழியில்லை. இவற்றோடு ஸ்வாப் (ரேமில் இடம் போதாதபோது பக்கங்களை டிஸ்க்கில் வைப்பது), கோர் டம்ப் (விழுந்த புரோகிராமின் மெமரியைக் கோப்பாக எழுதுவது) என்று டிஸ்க்குக்குப் போகும் வழிகளும் உண்டு.

முதலில் ஓபன்எஸ்எஸ்எல். இதில் இரண்டு குடும்பங்கள் இருக்கின்றன, பலர் குழம்புவது இங்கேதான். ஓபன்எஸ்எஸ்எல்_மால்லாக் என்பது சாதாரண மால்லாக்கின் மேல் போட்ட மெல்லிய உறை, அதில் ரகசியப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. அதோடு க்ளியர்_ஃப்ரீ, க்ளியர்_ரீஅலாக் ஆகியவற்றைச் சேர்த்துப் பயன்படுத்தினால் துடைக்கும் வேலை மட்டும் நடக்கும். இரண்டாவது குடும்பம் ஓபன்எஸ்எஸ்எல்_செக்யூர்_மால்லாக். இது 1.1.0 பதிப்பில் வந்தது. கிரிப்டோ_செக்யூர்_மால்லாக்_இனிட் என்ற ஃபங்ஷனை அழைத்தால் ஒரு பெரிய அரீனாவை (துண்டுகளாகப் பங்குபோடுவதற்கான மெமரிப் பகுதி) எம்மேப் மூலம் கர்னலிடம் வாங்கி, இரு முனையிலும் தொட்டால் புரோகிராம் விழுந்துவிடும் காவல் பக்கம் வைத்து, நடுவில் உள்ளதை எம்லாக் செய்து (அதாவது ஸ்வாப்புக்குப் போகாதபடி பூட்டி), லினக்ஸில் கோர் டம்ப்பில் போகாதபடி குறியும் போட்டுவிடும். உள்ளே இடத்தைப் பங்குபோடுவது பட்டி (buddy) முறையில், அதாவது எல்லாத் துண்டும் இரண்டின் அடுக்கு அளவில்தான் வரும். 33 பைட் கேட்டால் 64 பைட் போகும். அரீனா அளவும் இரண்டின் அடுக்காகவே இருக்க வேண்டும்.

இதில் எனக்கு ஒப்பாத விஷயம், அந்த இனிட்டை யாரும் அழைக்கவில்லை என்றால் செக்யூர்_மால்லாக் சத்தமில்லாமல் சாதாரண ஓபன்எஸ்எஸ்எல்_மால்லாக்காக மாறிவிடுகிறது. பிழை வராது, எச்சரிக்கை வராது. கோடைப் படிக்கிறவர் "செக்யூர்" என்ற பெயரைப் பார்த்துத் திருப்தியாகக் கடந்துபோவார், சாவியோ மால்லாக் வழக்கமாக இடம் எடுக்கும் சாதாரண ஹீப்பில் உட்கார்ந்திருக்கும். லைப்ரரி தானாக இனிட் செய்வதில்லை, அப்ளிகேஷன்தான் செய்ய வேண்டும், பெரும்பாலான அப்ளிகேஷன்கள் செய்வதில்லை. நோட் ஜேஎஸ்ஸில்கூட செக்யூர்-ஹீப் என்ற கட்டளைவரி ஆப்ஷன் இருக்கிறது, நாமாகக் கொடுக்காதவரை அது அணைந்தே இருக்கும். இனிட்டை அழைத்தவர்களிலும் அது திருப்பித்தரும் எண்ணை ஒழுங்காகப் பார்ப்பவர்கள் குறைவு. 0 என்றால் தோல்வி, 1 என்றால் வெற்றி, 2 என்றால் அரீனா கிடைத்துவிட்டது, ஆனால் பாதுகாப்பு முழுமையாகப் போட முடியவில்லை. பூஜ்யம் இல்லையென்றால் சரி என்று எழுதப்பட்ட இஃப் வரி இந்த 2-ஐ வெற்றியாக எடுத்துக்கொள்ளும்.

இடம் தீரும்போது மட்டும் ஓபன்எஸ்எஸ்எல் நேர்மையாக நடக்கிறது. இனிட் ஆன பிறகு அரீனா நிரம்பினால் நல் பாயிண்டர் வரும், சாதாரண ஹீப்புக்கு நழுவாது. ஃப்ரீயில் கொஞ்சம் கவனம் வேண்டும். செக்யூர்_ஃப்ரீ அரீனாவிலிருந்து வந்த துண்டைத் துடைத்துவிட்டுத்தான் திருப்பிக்கொடுக்கும், ஆனால் அரீனாவே இல்லாத நிலையில் அது வெறும் ஃப்ரீ. ஆகவே எப்போதும் நீளத்தையும் சேர்த்துக் கொடுத்து செக்யூர்_க்ளியர்_ஃப்ரீ என்றே எழுதுங்கள், இரண்டு நிலையிலும் துடைக்கும்.

இந்த அரீனா யோசனை எங்கிருந்து வந்தது என்பது இந்த ஒப்பீட்டுக்கே முக்கியம். 2014 ஏப்ரலில் ஓபன்எஸ்எஸ்எல்லில் இருந்த ஹார்ட்ப்ளீட் என்ற ஓட்டை வெளியானது. ஒரு கோரிக்கைக்கு 64 கிலோபைட் வரை சர்வரின் மெமரியைப் படித்துவிட முடிந்தது, அதில் தனிச் சாவிகளும் வெளியே வந்தன. இணையதளங்களின் உள்ளடக்கத்தைத் தன் சர்வர்களில் இருந்து விநியோகிக்கும் அகமாய் நிறுவனம் தான் உள்ளுக்குள் பயன்படுத்திவந்த தனி ஹீப் ஒதுக்கீட்டு முறையை அந்த வாரமே ஒரு பேட்ச்சாகப் பொதுவில் கொடுத்தது. அடுத்த சில நாள்களிலேயே ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் அதில் ஓட்டையைக் காட்டினார்: ஆர்எஸ்ஏ தனிச் சாவியில் ரகசியமாக வைக்க வேண்டிய எண்கள் ஆறு, அந்த பேட்ச் மூன்றை மட்டுமே பத்திரமான இடத்தில் வைத்தது. வேகத்துக்காக முன்கூட்டியே கணக்கிட்டு வைக்கும் மற்ற மூன்றும் சாதாரண ஹீப்பிலேயே இருந்தன, அவற்றில் ஒன்று கிடைத்தாலும் சாவியை மீட்டுவிடலாம். அகமாய் அதை ஒப்புக்கொண்டு சான்றிதழ்களை மாற்றத் தொடங்கியது. ஒதுக்கும் ஃபங்ஷன் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும், எந்தெந்த எண்ணெல்லாம் அதன் வழியாகப் போகிறது என்பது தனிக் கேள்வி என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அதனாலேயே ஓபன்எஸ்எஸ்எல்லின் பெரிய பலத்தையும் சொல்ல வேண்டும். இப்போது அரீனாவைத் துவக்கிவிட்டால் தனிச் சாவியின் பெரிய எண்களை லைப்ரரியே அங்கே கொண்டுபோய் வைக்கும், நாம் ஒவ்வொன்றாகத் துரத்த வேண்டியதில்லை. லிப்சோடியத்தில் இந்த வசதி இல்லை. அங்கே சோடியம்_மால்லாக் நமக்காக மட்டும்தான்.

சரி, லிப்ஜிகிரிப்ட். மறையாக்கத்துக்கும் கையொப்பத்துக்கும் பயன்படும் ஜிபிஜி என்ற மென்பொருளின் அடியில் ஓடும் லைப்ரரி. ஃபங்ஷன்களின் வடிவத்தில் மூன்றிலும் இதுதான் எனக்குப் பிடித்தது. ஜிகிரை_மால்லாக், ஜிகிரை_மால்லாக்_செக்யூர் என்று ஒதுக்குவதற்கு இரண்டு வழி, விடுவிப்பதற்கு ஜிகிரை_ஃப்ரீ என்று ஒரே வழி. பாயிண்டர் எந்தப் பூலிலிருந்து (ஒதுக்கிவைத்த மெமரித் தொகுப்பிலிருந்து) வந்தது என்று அதுவே பார்த்துக்கொள்ளும், செக்யூர் என்றால் வெவ்வேறு மதிப்புகளால் பலமுறை மேலெழுதித் துடைத்துவிடும். ஓபன்எஸ்எஸ்எல்லில் அரீனா பாயிண்டரைத் தவறுதலாகச் சாதாரண ஓபன்எஸ்எஸ்எல்_ஃப்ரீக்குக் கொடுத்தால் புரோகிராம் விழும் அபாயம் உண்டு, இங்கே அந்தத் தலைவலி இல்லை. ரீஅலாக்கும் ஒழுங்காக இருக்கிறது: செக்யூர் துண்டைப் பெரிதாக்கினால் புதிதும் செக்யூராகவே வரும். ஜிகிரை_ஈஸ்_செக்யூர் என்று பாயிண்டரையே விசாரிக்கலாம். பெரிய எண்களுக்கும் செக்யூர் வகை தனியாக உண்டு.

பூட்ட முடியாவிட்டால்? "பாதுகாப்பற்ற மெமரியைப் பயன்படுத்துகிறேன்" என்று எச்சரிக்கை அச்சிட்டுவிட்டுத் தொடரும். முன்பு ஜிபிஜியை ஓட்டியவர்கள் எல்லாருக்கும் அந்த வரி பழக்கம். எம்லாக் செய்ய ரூட் அனுமதி தேவைப்பட்ட காலத்தில் ஜிபிஜியை செட்யுஐடி ரூட்டாக (யார் ஓட்டினாலும் ரூட் அனுமதியோடு ஓடும்படி) நிறுவியதும் இதற்காகத்தான். எச்சரிப்பதா நிறுத்துவதா என்பதில் வாதம் இருக்கலாம், ஆனால் மௌனமாக இருப்பதைவிட இது எவ்வளவோ மேல். அந்த எச்சரிக்கையை அணைக்கவும் ஒரு கட்டுப்பாட்டுக் கட்டளை இருக்கிறது. அதை அணைத்து வைத்திருக்கும் கோடைக் கண்டால் தயவுசெய்து ஏன் என்று கேளுங்கள்.

இதன் பலவீனம் பூலின் அளவு. வழக்கமான அளவு 32 கிலோபைட்தான். 4096 பிட் சாவிகளோடு ஒரே நேரத்தில் பல கோரிக்கைகள் வந்தால் இது தீர்ந்துபோகும். ஜிபிஜிக்காகச் சாவிகளைக் கையாளும் ஜிபிஜி-ஏஜென்ட் "மெமரி ஒதுக்க முடியவில்லை" என்று சொல்லி மறுப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள், மெஷினில் 64 ஜிபி ரேம் காலியாக இருக்கும்போதுகூட. பின்னாளில் பூலைத் தானாக விரிவாக்கும் ஆப்ஷன் ஏஜென்ட்டில் வந்தது. தாங்களே லிப்ஜிகிரிப்ட்டை அழைப்பவர்கள் துவக்கத்திலேயே தேவையான அளவைக் கணக்கிட்டுச் சொல்லிவிடுவது நல்லது.

மூன்றாவது லிப்சோடியம். இது பொது அரீனாவே வைத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு சோடியம்_மால்லாக்குக்கும் தனிப் பக்கங்கள்: முன்னால் ஒரு கணக்குப் பக்கம், பிறகு காவல் பக்கம், நம் தரவு, பின்னால் இன்னொரு காவல் பக்கம். தரவு பக்கத்தின் கடைசியில் ஒட்டி வைக்கப்படும், எனவே ஒரே ஒரு பைட் தாண்டி எழுதினாலும் படித்தாலும் அந்த நொடியே புரோகிராம் விழும். தரவுக்குச் சற்று முன்னால் 16 பைட் கேனரி, அதாவது மாறவே கூடாத ஒரு சோதனை மதிப்பு. சோடியம்_ஃப்ரீ அதைச் சரிபார்த்து, மாறியிருந்தால் புரோகிராமையே நிறுத்திவிடும், சரியாக இருந்தால் துடைத்துவிட்டு விடுவிக்கும். புதிதாகக் கொடுத்த இடம் பூஜ்யமாக இல்லாமல் குப்பை மதிப்பால் நிரப்பப்பட்டிருக்கும், மதிப்பு வைக்காமல் படிக்கும் பிழைகள் தெரியவரட்டும் என்று.

மற்ற இரண்டிலும் ஒவ்வொரு துண்டுக்கும் இப்படித் தனிக் காவல் இல்லை. ஓபன்எஸ்எஸ்எல் அரீனாவுக்குள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு சாவிகளில் ஒன்று மற்றொன்றின் மேல் வழிந்தால் யாருக்கும் தெரியாது. அப்புறம் சோடியம்_எம்ப்ரொடெக்ட் குடும்பம்: சாவியை ஏற்றியபின் படிக்க மட்டும் என்று மாற்றலாம், பயன்படுத்தாத நேரத்தில் தொடவே முடியாதபடி பூட்டலாம். நீண்ட நேரம் ஓடும் சர்வரில் கையொப்பச் சாவி தொடமுடியாத நிலையில் தூங்கி, கையெழுத்திடும் சில மைக்ரோ நொடிகள் மட்டும் விழித்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு.

விலையும் அதற்கேற்ப. பக்கம் 4096 பைட் என்றால் 32 பைட் சாவிக்கு 16 கிலோபைட் முகவரி இடம், கர்னலுக்குப் பல அழைப்புகள், ஏறக்குறைய நான்கு தனித்தனி மேப்பிங் (கர்னல் தனியாகக் கணக்கு வைக்கும் மெமரிப் பகுதி). லினக்ஸில் ஒரு ப்ராசஸுக்கான மேப்பிங் வரம்பு இயல்பாக 65530, எனவே பதினாறாயிரம் சாவிகளை ஒட்டி முட்டுச்சுவர் வந்துவிடும். ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு செஷன் சாவியை இதில் வைக்கப் பார்ப்பது வீண் வேலை. தரவு பக்கக் கடைசியில் ஒட்டுவதால், அளவு சரியான மடங்காக இல்லையென்றால் பாயிண்டர் அலைன்மென்ட்டும் (முகவரி உரிய மடங்கில் அமைவதும்) தவறலாம், வாங்கிய பஃபரை வேறு வகையாக காஸ்ட் செய்கிறவர்கள் கவனிக்க வேண்டும். ரீஅலாக் கிடையாது, அது நல்லதுதான்.

ஆனால் எல்லாவற்றிலும் இவ்வளவு கறாராக இருக்கும் சோடியம், எம்லாக் தோற்றால் மட்டும் வாய் திறப்பதில்லை. சோடியம்_மால்லாக் உள்ளே சோடியம்_எம்லாக்கை அழைக்கிறது, ஆனால் அதன் பதிலைப் பார்ப்பதில்லை. லினக்ஸில் சாதாரணப் பயனருக்குப் பூட்டக்கூடிய மெமரி நெடுங்காலம் 64 கிலோபைட்தான், 5.16 கர்னலில்தான் 8 மெகாபைட்டாக உயர்த்தினார்கள். சாவிக்கு ஒரு பக்கம் என்றால் பழைய கணக்கில் 16 சாவி வரை பூட்டப்படும். பதினேழாவது சாவிக்குக் காவல் பக்கமும் கேனரியும் இருக்கும், ஸ்வாப்புக்குப் போகாமல் தடுக்கும் பூட்டு இருக்காது, நமக்கும் தெரியாது. பூட்டு கட்டாயம் வேண்டும் என்றால், வாங்கிய பாயிண்டர் மேல் நாமே இன்னொரு முறை சோடியம்_எம்லாக் அழைத்து அதன் பதிலைப் பார்த்துவிடுவது ஒரு வரிச் செலவுதான்.

என் தேர்வைச் சொல்லிவிடுகிறேன். நிரலில் ஏற்கெனவே ஓபன்எஸ்எஸ்எல் ஓடுகிறது, சான்றிதழ்ச் சாவிகளை அதுவே கையாள்கிறது என்றால் மெயின் ஃபங்ஷன் தொடக்கத்திலேயே அரீனாவைத் துவக்குங்கள், பதில் 1 இல்லையென்றால் அங்கேயே நிறுத்துங்கள். அந்தச் சாவிகளை சோடியம்_மால்லாக்கில் வைக்க முயல்வதில் பயனில்லை, ஓபன்எஸ்எஸ்எல் படித்தவுடன் தன் ஹீப்பில் இன்னொரு நகல் எடுத்துவிடும். நீங்களே கையில் வைத்திருக்கும் சில மாஸ்டர் சாவிகள், பாஸ்வேர்டிலிருந்து பெற்ற சாவி போன்ற எண்ணிக்கையில் குறைவாகவும் ஆயுளில் நீண்டும் இருப்பவற்றுக்கு லிப்சோடியம்தான், யோசிக்கவே வேண்டாம். லிப்ஜிகிரிப்ட்டை அதன் மால்லாக்குக்காக மட்டும் புதிதாக உள்ளே கொண்டுவர மாட்டேன், ஆனால் ஜிபிஜி சார்ந்த வேலை என்றால் வேறு எதையும் கலக்காமல் அதன் பூலிலேயே இருப்பேன்.

மூன்றுக்கும் எட்டாத இடங்களும் உண்டு. ஸ்டாக்கில் ஃபங்ஷன்கள் விட்டுச்செல்லும் நகல்களை இவை துடைப்பதில்லை. லேப்டாப் ஹைபர்னேட் ஆனால் எம்லாக் செய்த பக்கங்களும் சேர்ந்தே டிஸ்க்குக்குப் போகும். ப்ராசஸ் தன் நகலாக இன்னொன்றை உருவாக்கினால், அதாவது ஃபோர்க் செய்தால், பூட்டு குழந்தை ப்ராசஸுக்கு வராது, சாவி வரும். கர்னலே பார்க்க முடியாதபடி பக்கங்களை ஒளிக்கும் மெம்எஃப்டி_சீக்ரெட் லினக்ஸ் 5.14-இல் வந்திருக்கிறது, அதை நேரடியாக அழைப்பது கடினமும் அல்ல. சாவியை ஏற்றிய பிறகு ஃபோர்க் செய்யும் சர்வர் என்றால், எந்த மால்லாக் என்று யோசிப்பதற்கு முன் ஃபோர்க்கை முதலிலும் சாவி ஏற்றுவதை அதன் பிறகும் வரும்படி வரிசையை மாற்ற முடியுமா என்று பாருங்கள்.