ஆடும் போல்ட்டுக்கு எபாக்சி: வாங்கலாமா?

நாகை, தரங்கம்பாடி, பழையாறு பக்கம் ஃபைபர் படகில் கயிறு கட்டும் கொக்கியோ அணியத்து (முன்முனை) வளையமோ ஆட ஆரம்பித்தால் முதலில் கை போவது பாலியஸ்டர் ரெசினுக்குத்தான். படகே அதில் வார்த்ததுதானே, விலையும் குறைவு. உடைந்த ஃபைபர் தோலைக் கண்ணாடி இழை மேட் வைத்து ஒட்ட அது போதும். ஆடும் போல்ட்டுக்கு மட்டும் ரெசின், ஹார்டனர் என்று இரண்டு டப்பாவாக வரும் எபாக்சியை வாங்குங்கள். பாலியஸ்டர் இறுகும்போது சுருங்கும்; துளை ஓரத்தில் மயிரிழை இடைவெளி விடும், அதில் உப்புத்தண்ணி இறங்கும். எபாக்சி அவ்வளவு சுருங்காது, இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவே இருக்கும் மரத்தையும் கெட்டியாகப் பிடிக்கும்.

பாலியஸ்டரில் பழகிய கைதான் இதைக் கெடுக்கும். அங்கே கிலோவுக்கு 10 முதல் 20 கிராம் கேட்டலிஸ்ட் (இறுக வைக்கும் திரவம்). சீக்கிரம் இறுக வேண்டுமென்றால் கொஞ்சம் கூட்டலாம். எபாக்சியில் ஹார்டனரைக் கூட்டினால் சீக்கிரம் இறுகாது, கடைசிவரை ரப்பர் மாதிரி நிற்கும். டப்பாவில் போட்ட விகிதம் எடையா அளவா என்று பார்த்து, சின்னத் தராசில் நிறுத்துக் கலக்குங்கள். சித்திரை வெயிலில் ஆழமான கப்பில் கலந்தால் அதுவே சூடேறிப் புகையும். தட்டையான தட்டில் கொஞ்சமாகக் கலப்பதே சரி.

8 மி.மீ. போல்ட் என்றால் துளையை 14 மி.மீ. ஆக்குங்கள். வரும் தூள் கறுப்பாக, ஈரமாக இருந்தால் உள்மரம் உளுத்துவிட்டது. அப்போது எந்தப் பசையும் வீண். உள்தோலை வெட்டி மரத்தையே மாற்ற வேண்டும். காய்ந்த தூள் வந்தால் துளையின் அடியில் டேப் ஒட்டி, முதலில் வெறும் எபாக்சியைச் சுவரில் தடவி, பிறகு சிலிக்கா தூள் சேர்த்துக் கெட்டியாக்கியதை நிரப்புங்கள். ஒரு நாள் கழித்து நடுவில் 8 மி.மீ. துளை போட்டு, மேல் விளிம்பைச் சரிவாகச் சீவினால், போல்ட்டைச் சுற்றித் தண்ணி புகாமல் அடைக்கும் சீலன்ட் அங்கே வளையமாகத் தங்கும். போல்ட் 316 எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு); அடியில் வெறும் வாஷர் போதாது, 3 மி.மீ. எஸ்.எஸ். தகடு வேண்டும். பல கொக்கிகள் ஆடுவதே தகடு இல்லாததால்தான், பசை மேல் பழி போட்டுப் பயனில்லை. சீலன்ட் பிதுங்கும்வரை மட்டும் முடுக்கி, மறுநாள் போல்ட்டை அசையாமல் பிடித்து நட்டை மட்டும் திருப்புங்கள்.

சீலன்ட் பாலியூரித்தேன். சிலிக்கோன் வேண்டாம்: அது பட்ட இடத்தில் பின்னால் பெயின்டோ ரெசினோ ஒட்டாது.

எபாக்சியிலும் குறை உண்டு. வெயில் நேராகப் பட்டால் பொடிந்துபோகும், மேலே பெயின்ட் அடித்தே ஆக வேண்டும். ஜெல்கோட் (படகின் பளபளப்பான மேல்பூச்சு) அதன்மேல் சரியாகப் பிடிக்காது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் செய்தால் மேலே மெழுகு மாதிரி ஒரு பிசுபிசுப்பு படியும். அதைத் தின்னரால் துடைக்காதீர்கள், நல்ல தண்ணீரில் ஸ்க்ரப்பர் போட்டுத் தேய்த்தால் போய்விடும்.

நாலு போல்ட்டுக்கு 50 கிராம் கலவையே மிஞ்சும். கடைக்காரர் நீட்டுகிற ஒரு கிலோ செட் தேவையில்லை.